சியாட்டில் 2020: போலீஸ் காலி செய்துவிட்டுப் போன ஆறு பிளாக்

2020 ஜூன் 8 அன்று, சியாட்டில் நகரின் கேபிடல் ஹில் பகுதியில், 12ஆம் அவென்யூவும் பைன் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த கிழக்குக் காவல் நிலையத்தைப் போலீசார் காலி செய்தார்கள். ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, முக்கியமான பொருள்களை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டத்தைத் தடுக்க அவர்களே போட்டிருந்த இரும்புத் தடுப்புகள் தெருவிலேயே கிடந்தன. அன்றிரவே, போலீஸ் வன்முறையை எதிர்த்துத் திரண்டிருந்த போராட்டக்காரர்கள் அவற்றை இழுத்துத் தெருமுனைகளை அடைத்தார்கள். கால் ஆண்டர்சன் பூங்காவையும் அதை ஒட்டிய தெருக்களையும் சேர்த்து ஏறத்தாழ ஆறு பிளாக். முதலில் 'கேபிடல் ஹில் தன்னாட்சி மண்டலம்' என்று பெயர் வைத்தார்கள், சில நாளில் 'கேபிடல் ஹில் ஆக்கிரமிப்புப் போராட்டம்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஜூலை 1 அதிகாலை போலீஸ் திரும்பி வந்து அகற்றும் வரை இது நீடித்தது. அதற்குள் இரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். ஒருவருக்கு வயது 19, இன்னொருவருக்கு 16.

இதைப் பற்றி அமெரிக்காவில் நடந்த வாதம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றியது: போலீஸ் இல்லாமல் நகரம் நடக்குமா, நடக்காதா? கேள்வியே தப்பு என்பது இந்த ஆய்வின் கருத்து. அந்த ஆறு பிளாக்கில் போலீஸ் இல்லாத நிர்வாகம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. போலீஸ் போனது, அது செய்துவந்த வேலைகளில் எதை இனி யார் செய்வது என்று யாரும் முடிவு செய்யவில்லை. உயிர்ச்சேதம் அந்த இடைவெளியில்தான் நடந்தது.

அதற்கு முந்தைய பத்து நாள்

மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்டார். அந்த வாரக் கடைசியிலேயே சியாட்டிலில் ஊர்வலங்கள் தொடங்கிவிட்டன. இந்த நகரக் காவல்துறை அளவுக்கு மீறிப் பலம் பிரயோகிப்பதாகப் புகார் எழுந்து, 2012 முதலே மத்திய அரசின் நீதி அமைச்சகத்தோடு ஓர் உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டு, நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்தது. சீர்திருத்தம் முடிந்தது, விடுவியுங்கள் என்று 2020 மே மாதம்தான் நகர நிர்வாகம் மனுப் போட்டிருந்தது. ஜூன் முதல் வாரத்தில் அதிலிருந்து பின்வாங்க வேண்டியதாகிவிட்டது.

கூட்டம் ஏன் அந்த ஒரு முனையிலேயே திரண்டது என்பதைப் பார்க்க வேண்டும். காவல் நிலையத்துக்கு ஒரு பிளாக் மேற்கே, 11ஆம் அவென்யூவும் பைனும் சந்திக்கும் இடத்தில் போலீஸ் தடுப்பு போட்டு வரிசை கட்டி நின்றது. ஊர்வலம் வரும், தடுப்பில் முட்டும், நிற்கும். ஜூன் 1 இரவு தடுப்புக்கு மேலே நீண்டிருந்த ஓர் இளஞ்சிவப்புக் குடையை ஒரு போலீஸ்காரர் பிடித்து இழுத்தார். அடுத்த விநாடி பெப்பர் ஸ்ப்ரே, பின்னாலேயே கண்ணீர்ப்புகை. மேலேயிருந்து எடுத்த காணொளி ஊர் முழுக்கப் பரவியது. நகராமல் நிற்கும் போலீஸ் வரிசை கூட்டத்துக்கு ஓர் இலக்காகிவிடும், மறுநாள் கூட்டம் அங்கேதான் வரும். கூட்டக் கட்டுப்பாட்டில் அனுபவம் உள்ளவர்கள் எல்லோரும் அறிந்த விஷயம் இது. சியாட்டிலில் இதையே ஒரு வாரம் தினமும் செய்தார்கள்.

ஜூன் 5 அன்று மேயர் ஜென்னி டர்கன், கண்ணீர்ப்புகையை 30 நாள் பயன்படுத்த மாட்டோம் என்று அறிவித்தார். ஜூன் 7 மாலை ஒருவர் காரைக் கூட்டத்துக்குள் ஓட்டி வந்து, தடுக்கப் போனவரைக் கையில் சுட்டார். அன்றிரவு நள்ளிரவு தாண்டியதும் மறுபடி கண்ணீர்ப்புகை. அறிவிப்பின் ஆயுள் மூன்று நாள்கூட இல்லை. அதோடு மேயரின் வார்த்தைக்கு இருந்த மதிப்பும் போனது, பின்னால் அவர் சமரசம் பேசப் போனபோது இதற்கு விலை கொடுக்க நேர்ந்தது.

போகும்போது முடிவாகாதவை

முதலில் போட்ட திட்டம் காலி செய்வது அல்ல. தடுப்பை அகற்றி ஊர்வலத்தைக் காவல் நிலையத்தைத் தாண்டிப் போக விடுவது, அதாவது இலக்கை இல்லாமல் செய்வது. நல்ல திட்டம்தான். ஆனால் கட்டடத்துக்குத் தீ வைக்கப்போகிறார்கள் என்று எஃப்.பி.ஐ. வழியாக எச்சரிக்கை வந்ததாகக் காவல்துறை சொன்னது. பக்கத்தில் ஆள் குடியிருக்கும் வீடுகள் இருந்தன. உள்ளே ஆள்களை வைத்துக்கொண்டு, தீ வைத்தால் கூட்டத்தின் மேல் பாய்வதா, ஆள்களை வெளியே எடுப்பதா என்ற கேள்வி வந்தபோது இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

யார் தேர்ந்தெடுத்தார்கள்? காவல்துறைத் தலைவர் கார்மென் பெஸ்ட் ஜூன் 11 அன்று தன் துறையினருக்கு வெளியிட்ட காணொளியில், அது தன் முடிவு அல்ல என்றார். மேயரும் தான் சொல்லவில்லை என்றார். முடிவெடுத்தவர் உதவித் தலைவர் டாம் மஹாஃபி என்று, போலீசார் மீதான புகார்களை விசாரிக்கும் நகர அலுவலகம் பின்னர் நடத்திய விசாரணையில்தான் உறுதியானது. ஆக, அந்த வாரம் முழுவதும் 'திரும்பிப் போகலாமா' என்று கேட்கக்கூட ஊரறிந்த பொறுப்பாளர் ஒருவர் இல்லை.

ஒரு காவல் நிலையத்தை விட்டு விலகுவது தன்னளவில் பெரும் குற்றம் ஒன்றுமில்லை. விலகும்போது நாலைந்து விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த வகை அழைப்புக்கு உள்ளே போவோம், எதற்கு அழைத்தவரை எல்லைக்கு வரச் சொல்வோம்? போலீசும் ஆம்புலன்சும் எந்த முனையில் சந்தித்து, எந்த வழியாகச் சேர்ந்து நுழையும்? இரண்டுக்கும் பொதுவான வயர்லெஸ் அலைவரிசை எது? உள்ளே இருப்பவர்களில் யாரோடு பேசுவது? எப்போது, எந்த நிலைமையில் திரும்பி வருவோம்? இவற்றில் முதலாவது மட்டும், அதுவும் போகப்போக, உருவானது. உயிர் போகிற விஷயமில்லையென்றால் புகார்தாரர் எல்லைக்கு வந்து போலீசைப் பார்க்க வேண்டும். அவசர அழைப்புகளுக்குப் போய்ச் சேரும் நேரம் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டதாக பெஸ்டே சொன்னார். கிழக்கு நிலையம் அந்த ஆறு பிளாக்குக்கு மட்டுமானதல்ல. சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் உட்பட ஒரு பெரிய வட்டாரத்துக்கே அதுதான் நிலையம், போராட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத குடும்பங்களும் காத்துக் கிடந்தன.

வயர்லெஸ்ஸில் வந்த பொய்

காலி செய்த அன்றிரவே ஒன்று நடந்தது. 'ப்ரவுட் பாய்ஸ்' என்ற வலதுசாரிக் குழு நகர மையத்திலிருந்து கிளம்பி வருகிறது, சிலர் கையில் ஆயுதம் இருக்கலாம் என்று போலீஸ்காரர்கள் வயர்லெஸ்ஸில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். போலீஸ் அலைவரிசையைப் போராட்டக்காரர்கள் ஒட்டுக்கேட்பது ஊரறிந்த விஷயம், அதை நம்பித்தான் பேசினார்கள். அப்படி ஒரு குழு வரவே இல்லை. எல்லாம் நாடகம். உள்ளூர் ஊடகர் ஓமாரி சாலிஸ்பரி அந்த இரவின் போலீஸ் உடல்கேமராப் பதிவுகளைத் தரும்படி கேட்டதிலிருந்து விஷயம் வெளியே வரத் தொடங்கியது, 2022 ஜனவரியில்தான் விசாரணை முடிவு வெளியானது. அதற்குள் அதற்கு உத்தரவிட்டவர்களும் மேற்பார்வையிட்டவர்களும் துறையை விட்டே போயிருந்தார்கள்.

இதைப் போலீசின் குறும்பு என்று தள்ளிவிட முடியாது. அந்த முகாமில் முதல் இரவிலேயே துப்பாக்கியோடு காவல் நிற்க ஆள்கள் கிளம்பியதற்கு இந்தச் செய்தி ஒரு காரணம். துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்துவது, சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் பொதுவாகச் சட்டப்படி சரி. அனுமதி பெற்ற ஆர்ப்பாட்டங்களில் அதைத் தடை செய்யும் சட்டமே 2021இல்தான் வந்தது. காவல் நின்றவர்களுக்கு முறைப்பணி இல்லை, மேலாள் இல்லை, எப்போது சுடலாம் கூடாது என்ற விதி இல்லை. இரவு இரண்டு மணிக்கு யார் காவலாளி, யார் சும்மா துப்பாக்கியோடு வந்தவர் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

பொய் ஒரு பக்கத்தோடு நிற்கவில்லை. கடைக்காரர்களிடம் மாமூல் வசூலிக்கிறார்கள், அடையாள அட்டை பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள் என்று காவல்துறை உயரதிகாரி ஒருவர் ஜூன் 10 அன்று சொன்னார். மறுநாள், அப்படி முறையான புகார் எதுவும் இல்லை என்று பெஸ்ட் பின்வாங்கினார். ஃபாக்ஸ் நியூஸ் இணையதளம், துப்பாக்கி ஏந்திய ஒருவரின் உருவத்தை வெவ்வேறு படங்களில் ஒட்டவைத்து வெளியிட்டதை சியாட்டில் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் எரிந்த கட்டடத்தின் படத்தை சியாட்டில் செய்திக்கு மேலேயும் போட்டிருந்தார்கள். படங்களை நீக்கி வருத்தம் தெரிவித்தார்கள். மேயர் தன் பங்குக்கு, இது எவ்வளவு நாள் நீடிக்கும் என்று சி.என்.என். கேட்டபோது, தெரியாது, 'அன்பின் கோடைக்காலம்' ஒன்று வாய்க்கலாம் என்றார். வாய்தவறி வந்த அந்த ஒரு வாக்கியத்தை எதிர்க்கட்சியினர் கடைசி வரை விடவில்லை.

பகலும் இரவும்

பகலில் அங்கே போனவர்கள் திருவிழா என்றார்கள், இரவில் போனவர்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள். இரண்டும் உண்மைதான். பைன் தெருவின் நடுவே 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' என்று தெருவை அடைத்து ஓவியர்கள் ஆளுக்கோர் எழுத்தாக வரைந்தார்கள். பூங்காப் புல்வெளியில் அட்டையைப் பரப்பி, மேலே மண் கொட்டி, கீரையும் காயும் நட்டார்கள். இலவசச் சாப்பாடும் மருந்தும் கிடைத்தன. காவல்துறை நிதியில் பாதியை வெட்டு, அதைக் கறுப்பின மக்களின் தேவைகளுக்குக் கொடு, கைதான போராட்டக்காரர்கள் மீதுள்ள வழக்குகளைக் கைவிடு என்ற மூன்று கோரிக்கைகள் முன்னால் நின்றன.

நகர நிர்வாகமும் முகாமைக் கைகழுவிவிடவில்லை. தீயணைப்புத் துறைத் தலைவர் ஹெரால்ட் ஸ்கோகின்ஸ், போக்குவரத்துத் துறை இயக்குநர் சாம் ஜிம்பாப்வே போன்றவர்கள் உள்ளே நடந்தே போய்ப் பேசினார்கள். நடமாடும் கழிப்பறைகள் வந்தன, குப்பை அள்ளப்பட்டது. ஜூன் 16 அன்று, கண்டதையும் போட்டு அடைத்திருந்த தடுப்புகளை எடுத்துவிட்டு, பேச்சுவார்த்தை நடத்தி, நகராட்சியே கான்கிரீட் தடுப்புகளை இறக்கியது. வரைவதற்கு வசதியாக அவற்றின் மேல் பலகைகூட அடித்துக் கொடுத்தார்கள். மண்டலம் சுருங்கியது, தீயணைப்பு வண்டி போக வழி திறந்தது. இதைத்தான் வலதுசாரிகள் 'சரணாகதி' என்றும், பின்னால் வழக்குப் போட்ட கடைக்காரர்கள் 'ஆக்கிரமிப்புக்கு நகரமே கொடுத்த உதவி' என்றும் சொன்னார்கள். வழி திறந்தது சரியான வேலைதான் என்பது எங்கள் மதிப்பீடு. ஆனால் வண்டி போக வழி இருந்தால் போதாது, வண்டி போக உத்தரவும் வேண்டும். அது நாலு நாளில் தெரிந்துவிட்டது.

ஜூன் 20, அதிகாலை 2.20

10ஆம் அவென்யூவும் பைனும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில், முன்பகை காரணமாக ஒரு 19 வயது இளைஞர் சுடப்பட்டார். தீயணைப்புத் துறையின் மருத்துவப் பணியாளர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள், ஆனால் மண்டலத்துக்கு வெளியே நின்றுவிட்டார்கள். துப்பாக்கிச்சூடு நடந்த இடத்தில் போலீஸ் போய் 'இடம் பத்திரம்' என்று சொன்ன பிறகே நுழைய வேண்டும் என்பது துறை விதி. அமெரிக்காவில் பொதுவாக எல்லா ஊரிலும் உள்ள விதிதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. போலீஸ் வேறொரு இடத்தில் ஆள்களைத் திரட்டிக்கொண்டிருந்தது. இருவரும் காத்தது ஒருவர் இன்னொருவருக்காக. எங்கே நிற்கிறீர்கள், எப்போது சேர்ந்து போவோம் என்று இரண்டு துறைக்கும் இடையே தகவல் சரியாகப் போகவில்லை.

அதற்குள் உள்ளே இருந்த தன்னார்வ மருத்துவ உதவியாளர்கள் முதலுதவி செய்து பார்த்து, ஆம்புலன்ஸ் வராது என்று தெரிந்ததும், அவரைத் தனியார் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஹார்பர்வியூ மருத்துவமனைக்குப் போனார்கள். மாநிலத்தின் தலைசிறந்த விபத்துச் சிகிச்சை மையம் அது, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தூரம். இளைஞர் பிழைக்கவில்லை. சுட்ட தகவல் வந்து சுமார் 20 நிமிடம் கழித்துப் போலீஸ் கேடயங்களோடு கூட்டமாக நுழைந்தது. கூட்டம் கத்தியது, அடிபட்டவர் ஏற்கெனவே போய்விட்டார் என்றது, போலீஸ் திரும்பியது. சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் அகப்பட ஓராண்டுக்கு மேலானது.

இந்த மாதிரி நிலைமைக்கென்றே ஒரு முறை உண்டு. முழுதாகப் பத்திரமான இடம், ஆபத்து கண்ணெதிரே இருக்கும் இடம், இரண்டுக்கும் நடுவே ஆபத்து குறைந்த இடம் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். நடு வளையத்துக்குள் இரண்டு மூன்று மருத்துவப் பணியாளர்களைக் குண்டு துளைக்காத உடுப்போடு, முன்னும் பின்னும் போலீசை வைத்துச் சிறு அணியாக அனுப்புவார்கள். இடம் முழுக்க அடங்கும் வரை காத்திருக்க மாட்டார்கள். பள்ளித் துப்பாக்கிச்சூடுகளில் கற்ற பாடம் இது. ஆனால் இதற்கு இரண்டு துறையும் ஒரே மேலாளின் கீழ், ஒரே அலைவரிசையில் இருந்தாக வேண்டும். இன்னொரு வழி, எல்லையில் ஓர் இடத்தைக் குறித்து, அடிபட்டவரை அங்கே கொண்டுவாருங்கள் என்று முகாமின் மருத்துவ உதவியாளர்களோடு முன்பே பேசி வைப்பது. இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது. ஜூன் 8 முதல் 20 வரை பன்னிரண்டு நாள் இருந்தது.

அதன் பிறகு ஜூன் 21, 23 இரவுகளிலும் துப்பாக்கிச்சூடு. ஜூன் 22 அன்று மேயர், காவல் நிலையத்துக்குப் போலீஸ் திரும்பும் என்றார், தேதி சொல்லவில்லை. ஜூன் 29 அதிகாலை மூன்று மணி வாக்கில் ஒரு வெள்ளை ஜீப் மீது பலர் சுட்டார்கள். உள்ளே இருந்த 16 வயதுச் சிறுவன் இறந்தான், 14 வயதுச் சிறுவன் படுகாயமடைந்தான். போலீஸ் போய்ச் சேர்ந்தபோது சம்பவ இடம் கலைக்கப்பட்டிருந்தது. காவல் நின்றவர்கள் ஆபத்து என்று கருதிச் சுட்டார்களா, வேறு யாராவது சுட்டார்களா என்பதைத் தடயம் கொண்டு நிறுவ முடியாமல் போனது. துப்பறியும் வேலையைத் தன்னார்வலர்கள் செய்துவிட முடியாது என்பதற்கு இந்த வழக்கே சாட்சி. சாப்பாடு போடலாம், கட்டுப்போடலாம், சண்டையை விலக்கலாம். தோட்டா உறையை எண்ணிட்டுப் பத்திரப்படுத்தி, நீதிமன்றத்தில் நிற்கும்படி சாட்சியம் சேர்க்க முடியாது.

525 சதவீதம்

முகாமை அகற்ற மேயர் கையெழுத்திட்ட உத்தரவில், அந்தப் பகுதியில் ஆள்கள் மீதான குற்றம் முந்தைய ஆண்டைவிட 525 சதவீதம் கூடியது என்று இருந்தது. இந்த எண் இன்றும் வாதங்களில் புழங்குகிறது. உத்தரவின்படியே கூடுதலாக நடந்தவை 22 சம்பவங்கள். அப்படியானால் 2019இல் அதே நாள்களில் நடந்தவை நான்கைந்துதான். அடித்தளம் இவ்வளவு சிறியதாக இருந்தால் சதவீதம் எகிறத்தான் செய்யும். ஒப்பிட்ட காலம் ஜூன் 2 முதல் 30 வரை, அதில் முதல் ஆறு நாள் முகாமே இல்லை, போலீஸ்தான் அங்கே நின்றது.

இதை வைத்து 'குற்றம் கூடவில்லை, எல்லாம் ஜோடனை' என்று வாதிட்டவர்களும் தப்பு. எரிக் பிசா, நேதன் கானீலி என்ற குற்றவியல் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு, அதே நகரின் ஒத்த பகுதிகளைச் சேர்த்து ஒப்பீட்டுக்கென ஒரு செயற்கைப் பகுதியைக் கட்டி அளந்தது. 2020இல் நாடு முழுக்கவே கொலைகள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடின, அந்தப் பொது ஏற்றத்தைக் கழிக்க இப்படிச் செய்தாக வேண்டும். கழித்த பிறகும் மண்டலத்துக்குள் குற்றம் இரு மடங்குக்கு மேல், சுற்றியுள்ள இரண்டு பிளாக்கில் கணிசமாக, காவல் வட்டாரம் முழுக்க ஓரளவு கூடியிருந்தது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே போலீஸ் வராதபோது சிறு திருட்டையும் அடிதடியையும் யார் போய்ப் பதிவு செய்வார்கள்? பதிவான எண், நடந்ததைவிடக் குறைவாகவே இருக்கும். மறுபக்கம், ஆயிரக்கணக்கானோர் இரவில் கூடிய இடத்தை அதற்கு முந்தைய ஆண்டின் சாதாரணத் தெருவோடு ஒப்பிடுவதால் எண் பெரிதாகவும் தெரியும்.

அகற்றிய விதமும் ஓக்லாந்தும்

ஜூன் 26 அன்று கனரக வண்டிகளோடு தடுப்புகளை எடுக்க வந்தார்கள், ஆள்கள் குறுக்கே படுத்தார்கள், வண்டிகள் திரும்பின. ஜூலை 1 அதிகாலை ஐந்து மணி வாக்கில், சட்டவிரோதக் கூட்டம் என்று அறிவித்து, கலைந்து போக அவகாசம் கொடுத்து, பெல்வியூ நகரப் போலீசின் உதவியோடு நுழைந்தார்கள். 30க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பெரிய அளவில் யாருக்கும் காயமில்லை. அந்த மூன்று வாரத்தில் காவல்துறை சிறப்பாகச் செய்த வேலை இதுதான் என்று சொல்லலாம்.

2011இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் இதைத் தலைகீழாகச் செய்தது. நகர மன்றத்துக்கு எதிரே 'ஆக்குபை' (ஆக்கிரமிப்பு) இயக்கத்தினர் போட்டிருந்த முகாமை அக்டோபர் 25 விடியுமுன் பல ஊர்ப் போலீசை அழைத்துவந்து கலைத்தார்கள். அன்று மாலையே கூட்டம் திரும்பி வந்தது. இராக் போரில் பணியாற்றிய ஸ்காட் ஓல்சனின் மண்டை ஓடு போலீஸ் சுட்ட, குண்டுகள் அடைத்த துணிப்பையால் உடைந்தது, பின்னர் நகரம் அவருக்கு 45 லட்சம் டாலர் கொடுத்தது. மறுநாளே முகாமும் திரும்பிவிட்டது. நவம்பர் 10 அன்று முகாமுக்குப் பக்கத்தில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், 14ஆம் தேதி பெரிய மோதல் இல்லாமல் அகற்றினார்கள். இரண்டு ஊரிலும் முகாமைச் சட்டம் முடிக்கவில்லை, ஒரு கொலை முடித்தது. கொலைக்குப் பிறகு பொதுமக்களின் ஆதரவு கரைந்துவிடும் என்று மேயர்களுக்குத் தெரியும். அதற்காகக் காத்திருந்தார்கள் என்று குற்றம் சாட்ட ஆதாரம் இல்லை. ஆனால் காத்திருக்காமல் முடிக்க ஒரு வழியையும் அவர்கள் வைத்திருக்கவில்லை.

அழிந்துபோன செய்திகள்

கார்மென் பெஸ்ட் 2020 ஆகஸ்டில் பதவி விலகுவதாக அறிவித்தார். டர்கன் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. கட்டட உரிமையாளர்களும் கடைக்காரர்களும் நகரத்தின் மீது மத்திய நீதிமன்றத்தில் போட்ட வழக்கில், அந்த நாள்களின் குறுஞ்செய்திகளைக் கேட்டபோது, மேயர், காவல்துறைத் தலைவர், தீயணைப்புத் துறைத் தலைவர் உட்படப் பல அதிகாரிகளின் போன்களில் ஆயிரக்கணக்கான செய்திகள் இல்லை என்று தெரிந்தது. மேயரின் போனில் மட்டும் ஏறத்தாழ பத்து மாதச் செய்திகள் காணோம். 30 நாளில் தானாக அழியும்படி வைத்திருந்தது ஒரு காரணம், போனைத் துடைத்து மறுபடி அமைத்தது இன்னொன்று. 2023 ஜனவரியில் நீதிபதி தாமஸ் ஜில்லி நகரத்தைக் கடுமையாகச் சாடி, அழிந்த செய்திகள் நகரத்துக்குப் பாதகமானவை என்று ஜூரிகள் ஊகிக்கலாம் என்று அனுமதித்தார். அடுத்த மாதமே நகரம் 36.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதில் 6 லட்சம் டாலர் அழிந்த செய்திகளுக்கான அபராதக் கணக்கு.